புகைக்கு ஒரு புராணம்

"ஏன் புகைக்கிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலுக்குத் திகைப்பார் எவருமில்லை. கவலை தீர என்பார் ஒருவர். களைப்பு நீங்க என்பார் மற்றொருவர். கருத்துப் பிறக்க என்பார் கவிஞர். கணக்குப் பார்க்கத் தெம்பு வேண்டும் என்பார் வணிகர். குளிருக்கு என்று மார்கழியில் சொன்னவரே, சித்திரை வெயிலில் வேறு காரணம் சொல்வார். காரணங்கள் மாறும், கையில் புகையும் துண்டு மட்டும் மாறாது!

காரணம் ஒன்றாக இருந்தால் அதை ஆராயலாம். நூறு காரணம் சொல்லப்பட்டால், அவற்றில் ஒன்றும் மெய்க் காரணமாக இருக்க முடியாது என்ற ஐயம் அறிவுடையோர்க்கு எழ வேண்டும். செயல் முதலில் நிகழ்ந்துவிடுகிறது. காரணம் பிறகு புனையப்படுகிறது. நிகழ்ந்துவிட்ட ஒன்றுக்குப் பின்னால் புனையப்படும் பெருமைக்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு: புராணம்!

புகையிலைக்குப் புராணமா என்று வியக்க வேண்டாம். இருக்கிறது; அதுவும் செய்யுளில் இருக்கிறது. சீனிச்சர்க்கரைப் புலவர் என்பவர் 'புகையிலை விடு தூது' என்றொரு சிற்றிலக்கியம் செய்தார். உ. வே. சாமிநாதையர் அதைத் தேடியெடுத்து 1939இல் பதிப்பித்தார். அன்னத்தையும் மேகத்தையும் தென்றலையும் தூதுவிட்ட தமிழ்ப் புலவர் கூட்டத்தில் இவர் ஒருவர், புகையிலையைப் பழனி முருகனிடம் தூது போகச் சொன்னார்.

தூது போகிறவருக்குக் குலப்பெருமை சொல்ல வேண்டாமா? சொல்கிறார் புலவர். மும்மூர்த்திகளுக்குள் ஒரு வழக்கு. தீர்ப்பளிக்க வந்தவர்கள் மூவரிடமும் ஆளுக்கோர் இலையைக் கொடுத்து, நாளைக்குக் கொண்டுவருக என்றனராம். சிவனார் பெற்றது வில்வம். அதைக் கங்கையின் அலை கொண்டு போயிற்று. திருமால் பெற்றது துளசி. அதைப் பாற்கடலின் அலை கொண்டு போயிற்று. பிரமன் மட்டும் தம் இலையை நாமகளிடம் கொடுத்துக் காத்தாராம். மறுநாள் சபையில், "என் இலை போகையிலை!" என்றாராம், அதாவது போகவில்லை என்றாராம். வழக்கில் வென்றார். 'போகையிலை' நாளடைவில் 'புகையிலை' ஆயிற்றாம்!

சொல் விளையாட்டு என்ற அளவில் சிரித்து மகிழலாம், நானும் சிரித்தேன். ஆனால் வரலாற்றைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கதையைப் பார்த்தால், சிரிப்புக்குள் ஒரு பாடம் இருப்பது புலப்படும். புகையிலை நம் நாட்டுச் செடியன்று. அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடி மக்கள் பயிரிட்டு வந்த செடி. 1492இல் கொலம்பசு அங்கே கரையிறங்கிய பிறகே ஐரோப்பியர் அதைக் கண்டனர். போர்த்துக்கீசியர் வழியே அது தக்காணத்துக்கு வந்தது. அக்பரின் இறுதி ஆண்டுகளில்தான், பீசப்பூரிலிருந்து திரும்பிய தூதர் ஒருவர் அதைப் பேரரசரின் முன் வைத்தார். 1604இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் சேம்சு அதைக் கண்டித்து நூல் எழுதினார். 1617இல் சகாங்கீர் அதற்குத் தடை விதித்தார். கடல் கடந்து வந்து இரண்டு நூற்றாண்டுகூட நிறையாத ஒரு பயிருக்குத் தமிழ்நாட்டில் பிரமனே உரிமையாளர் ஆகிவிட்டார்! நாமகளின் பாதுகாப்பிலிருந்த இலை என்று சொன்னால், நாவில் அதை அடக்குகிறவனுக்கு எவ்வளவு நிம்மதி!

புலவர் பொய் சொல்லிவிட்டார் என்று சினப்பதால் பயனில்லை. அவர் ஒரு மனித இயல்பை நமக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறார். பிடித்துப்போன ஒன்றை விட மனமில்லாதபோது, மனிதன் அதற்கு ஒரு மதிப்பான பிறப்பிடத்தைத் தேடுகிறான். அன்று பிறப்பிடம் பிரமலோகமாக இருந்தது. இன்று?

இன்று அது 'மனம்' என்று சொல்லப்படுகிறது. பழைய புராணத்தை எள்ளி நகையாடும் நாம், புதிய புராணத்தை உளநூல் என்று எண்ணித் தலையசைக்கிறோம். ஆகவே அதையும் சற்று ஆராய்வோம்.

வியன்னாவில் 1907இல் பிறந்து, 1938இல் அமெரிக்காவில் குடியேறியவர் எர்னசுட்டு டிக்டர். மக்கள் ஏன் ஒரு பொருளை வாங்குகிறார்கள் என்பதை உள்மனம் வரை சென்று துருவி, விற்பனையாளர்களுக்குச் சொல்லித் தருவதைத் தொழிலாகக் கொண்டவர். 1947இல் அவர் வெளியிட்ட அன்றாட வாழ்வின் உளவியல் பற்றிய நூலில், சிகரெட் பிடிப்பது ஏன் என்று ஒரு பகுதி எழுதினார். புகைப்போரிடம் பேசி அவர் கண்டவை சுவையானவை. புகைத்தல் வளர்ந்தவனுக்கு ஒரு விளையாட்டு; உழைப்புக்குத் தனக்குத் தானே அளித்துக்கொள்ளும் பரிசு; காத்திருக்கும் நேரத்தை அளக்கும் கடிகாரம்; தனிமையில் ஒரு துணை; புதியவரோடு பேச்சுத் தொடங்க ஒரு சாக்கு; வாய்க்கு ஓர் இன்பம். குறைத்துக்கொள்ள முயல்கிறவரை உறுத்துவது குற்றவுணர்வு என்றும் அவர் எழுதினார்.

இவற்றில் உண்மை இல்லையா? இருக்கிறது. பேருந்துக்குக் காத்திருப்பவரைப் பார்த்தாலே டிக்டர் சொன்ன கடிகாரம் விளங்கும். எனினும் ஒரு கேள்வியை அவர் கேட்கவில்லை. பரிசு வேண்டுமானால் ஒரு கடலை உருண்டை பரிசாகாதா? துணை வேண்டுமானால் ஒரு பத்திரிகை துணையாகாதா? விளையாட்டு வேண்டுமானால் விரலிடையே ஒரு பென்சில் சுழலாதா? கடலை உருண்டை கிடைக்கவில்லை என்று நள்ளிரவில் எழுந்து கடை தேடி அலைந்தவர் உண்டா? பத்திரிகையை நிறுத்தியதால் கை நடுங்கியவர் உண்டா? பரிசு, துணை, விளையாட்டு என்பவையெல்லாம் புகையிலைக்கு மட்டுமே உரிய குணங்கள் அல்ல. புகையிலைக்கே உரிய ஒன்று இருக்கிறது. டிக்டரின் பட்டியலில் அதற்கு இடமில்லை. நோயாளியின் பிதற்றலை எழுதிக்கொண்டு, அதையே நோய்க்குக் காரணம் என்று அறிவித்த மருத்துவரைப் போன்றது அவர் செய்தது.

அந்தப் பட்டியலால் பயன் பெற்றவர் யார் என்று கேட்டால், செய்தி இன்னும் தெளிவாகும். மனத்தின் பசியைக் கண்டுபிடித்தவர்கள் அதை ஆற்ற முனையவில்லை, அதைத் தூண்டிலாக்கினார்கள். டிக்டருக்கு முன்னரே இதற்குச் சான்று உண்டு. உளப்பகுப்பாய்வை உலகுக்குத் தந்த சிக்மண்டு பிராய்டின் தங்கை மகன் எட்வர்டு பெர்னேசு, அமெரிக்கப் புகையிலைக் கம்பெனி ஒன்றுக்கு விளம்பர ஆலோசகராக இருந்தார். பெண்கள் வீதியில் புகைப்பது அங்கே இழிவாகக் கருதப்பட்ட காலம். அவர் ஓர் உளப்பகுப்பாய்வாளரிடம் யோசனை கேட்டார். 1929இல் நியூயார்க்கில் ஈசுட்டர் ஊர்வலத்தின்போது இளம்பெண்கள் சிலர் கையில் சிகரெட்டுடன் நடந்தனர். அந்தச் சிகரெட்டுகளுக்குச் சூட்டப்பட்ட பெயர் 'விடுதலைத் தீப்பந்தங்கள்'! பெண்ணுரிமை கேட்டுப் போராடிய ஒரு தலைமுறையின் உள்ளத்திலிருந்த உயர்ந்த சொல்லையே எடுத்து, ஒரு வணிகப் பொருளின் மேலட்டையாக்கினர். அடிமைச் சரக்கை விடுதலையின் பெயரால் விற்ற திறமையை என்னவென்பது!

பிராய்டின் கதையோ இதனினும் கொடியது. நாள்தோறும் இருபது சுருட்டு வரை புகைத்தவர் அவர். 1923இல் அவர் வாயில் புற்று கண்டது. அதன்பின் முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைகள். தாடையின் ஒரு பகுதியை இழந்து, செயற்கைத் தாடை பொருத்திக்கொண்டார். அப்போதும் சுருட்டை அவர் விடவில்லை. 1939இல் இலண்டனில் மறைந்தார். பிறர் உள்ளத்தின் இருட்டறைகளில் விளக்கேற்றியவரால், தம் விரலிடையே எரிந்த நெருப்பை அணைக்க முடியவில்லை. உளநூல் அறிவு மட்டுமே இந்தப் பிடியைத் தளர்த்திவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அப்படியானால் உண்மை என்ன? தொடக்கம் வேறு, தொடர்ச்சி வேறு. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் உண்மை அகப்படும்.

முதல் புகை எவருக்கும் இனித்ததில்லை. இருமல், கண்ணீர், தலைச்சுற்றல், குமட்டல்! உடல் தன் மறுப்பைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. அதை மீறி இரண்டாவது முறை புகைக்கும் இளைஞனை உந்துவது சுவையன்று, பிறர் கண். வளர்ந்தவன் என்று காட்ட வேண்டும். கூட்டாளிகளின் வட்டத்திலிருந்து விலக்கப்படக் கூடாது. அப்பனுக்கும் ஆசிரியருக்கும் அஞ்சாதவன் என்று பெயரெடுக்க வேண்டும். 'ஆம்பிளை' என்ற பட்டத்தை வழங்கும் பல்கலைக்கழகம் பெட்டிக்கடையின் பின்புறத்தில் இயங்குகிறது! பள்ளியில் பாடம் நடத்தும் எவரும் இதை அறிவர். பதினைந்து வயதுப் பையன் புகைக்க விரும்புவதில்லை. இருபத்தைந்து வயதுக்காரனாகத் தோன்ற விரும்புகிறான். அந்த வேடத்துக்குரிய மலிவான அணிகலன் அது.

அந்த வேடத்தைத் தைத்துத் தந்ததில் திரைப்படத்துக்கும் பங்குண்டு. சிகரெட்டை வானில் எறிந்து உதட்டில் கவ்விய இரசினிகாந்தின் வித்தையை, ஒரு தலைமுறையே கண்ணாடிமுன் பழகிப் பார்த்தது. 2002இல் 'பாபா' வெளிவந்தபோது பாட்டாளி மக்கள் கட்சி அதிலுள்ள புகைக் காட்சிகளை எதிர்த்தது. 2012 முதல் புகைக்கும் காட்சி வரும்போது திரையின் அடியில் எச்சரிக்கை வரி ஓட வேண்டும் என்ற விதியும் நடப்புக்கு வந்தது. வரி ஓடுகிறது, ஆனால் பார்ப்பவன் கண் நாயகனின் மீதல்லவா இருக்கிறது? கதாநாயகன் துயரத்தில் புகைக்கிறான், சினத்தில் புகைக்கிறான், வெற்றியில் புகைக்கிறான். எந்த உணர்ச்சிக்கும் உரிய மெய்ப்பாடு புகையே என்று கற்றுக்கொண்ட மாணவன், தன் முதல் துயரம் வரும்போது எதைத் தேடுவான்?

இது தொடக்கம். தொடர்ச்சியோ மனத்தின் வேலை மட்டுமன்று, வேதியியலின் வேலை. புகையிலையிலுள்ள நிகோட்டின் என்ற நச்சுப்பொருள், உள்ளிழுத்த சில நொடிகளில், ஏறத்தாழப் பத்து நொடிகளில், மூளையைச் சென்றடைகிறது. அங்கே 'டோபமைன்' என்ற பொருளைச் சுரக்கச் செய்கிறது. உண்டபோதும் வென்றபோதும் சுரந்து, "இதை மறவாதே, மீண்டும் செய்" என்று மூளைக்குச் சொல்லும் பொருள் அது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இரத்தத்திலுள்ள நிகோட்டின் பாதியாகக் குறைகிறது. குறைந்ததும் எரிச்சல், பதற்றம், கவனச் சிதறல். மறு சிகரெட்டைப் பற்றவைத்தால் அந்தப் பதற்றம் அடங்குகிறது. "பார்த்தீர்களா, கவலை தீர்ந்தது!" என்கிறார் புகைப்பவர்.

இங்கே எங்கள் ஊர்க் கதை ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடபால் அமைந்த ஏலாக்குறிச்சிக்குத் தமிழ் இலக்கிய வரலாற்றில் இடமுண்டு. இத்தாலியில் 1680இல் பிறந்து, தமிழ் கற்று, 'தேம்பாவணி'யும் 'சதுரகராதி'யும் தந்த வீரமாமுனிவர் தங்கிப் பணியாற்றிய ஊர் இது. திருக்காவலூர் என்று இவ்வூரைப் போற்றி ஒரு கலம்பகமும் பாடினார். தமிழ் உரைநடையில் அவர் எழுதிய 'பரமார்த்த குரு கதை'யைப் படிக்காத பிள்ளை இல்லை. அதன் முதற்கதையிலேயே சுருட்டு வந்துவிடுகிறது!

குருவும் சீடர் ஐவரும் ஓர் ஆற்றங்கரையை அடைகின்றனர். ஆறு விழித்திருக்கும்போது இறங்கக் கூடாது. உறங்கும்போதே கடக்க வேண்டும் என்பது குருவின் எச்சரிக்கை. சுருட்டுக் கொளுத்தக் கையில் கொண்டுவந்த கொள்ளிக்கட்டையோடு ஒரு சீடன் சென்று, அதை நீரில் தோய்த்துப் பார்க்கிறான். 'சுறீர்' என்ற ஓசையோடு புகை எழுகிறது. ஆறு விழித்துச் சீறுகிறது என்று அலறி ஓடிவருகிறான். பிறகு, அணைந்து போன அதே கட்டையைத் தோய்க்கிறார்கள். ஓசையில்லை, புகையில்லை. ஆறு உறங்கிவிட்டது என்று மகிழ்ந்து கடக்கிறார்கள்.

வகுப்பறையில் பிள்ளைகள் கைகொட்டிச் சிரிக்கும் கதை இது. சீறியது ஆறன்று, அவன் கொண்டுபோன கொள்ளி. அது விளங்காமல் ஆற்றின் மேல் பழி போட்டான் சீடன். புகைப்பவர் செய்வது இதுதானே! அவருடைய பதற்றத்தில் பெரும்பகுதியைத் தந்தது முன்பு பிடித்த சிகரெட். அதை அறியாமல், உலகம் சீறுகிறது, அலுவலகம் சீறுகிறது, வீடு சீறுகிறது என்கிறார். மறு சிகரெட் அந்தப் பதற்றத்தைத் தற்காலிகமாக அடக்கியதும், ஆறு உறங்கிவிட்டது என்று மகிழ்கிறார். வலியைக் கொடுத்தவனே மருந்தையும் விற்கிறான்; வலியை மறந்து, மருந்துக்கு நன்றி செலுத்துகிறோம்! புகைப்பதை விட்டவர்களின் மனநிலையை ஆராய்ந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் 'பிரிட்டிசு மெடிக்கல் சர்னல்' இதழ் வெளியிட்ட கட்டுரை, அவர்களுடைய பதற்றமும் சோர்வும் விட்டபின் குறைந்தன என்றே காட்டியது. கவலைக்கு மருந்து என்ற பழம்பேச்சு அதோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. ஏன்? இரண்டு காரணங்கள். ஒன்று, பழக்கத்தின் கயிறு. உருசிய அறிஞர் பாவ்லோவ், உணவோடு ஓர் ஒலியையும் சேர்த்து நாய்களுக்குப் பழக்கினார். பின்பு ஒலி மட்டும் கேட்டபோதே அவற்றின் வாயில் எச்சில் ஊறியது. தேநீர்க் குவளை நம்மவர்க்கு அந்த ஒலி. சாப்பிட்டுக் கை கழுவுவது ஓர் ஒலி. பேருந்து நிறுத்தம் ஓர் ஒலி. நாளொன்றுக்குப் பத்துச் சிகரெட், சிகரெட்டுக்குப் பத்து இழுப்பு என்று கொண்டால், ஆண்டுக்கு 36,500 முறை மூளைக்கு இந்தப் பாடம் ஒப்பிக்கப்படுகிறது. எந்த ஆசிரியரும் எந்தப் பாடத்தையும் இத்தனை முறை ஒப்பிக்க வைத்ததில்லை! விட்டு ஓராண்டானவரும், பழைய தேநீர்க் கடையின் பலகையில் உட்கார்ந்ததும் கை சட்டைப் பையைத் தேடுவது இதனால்தான். அது மன உறுதியின் குறையன்று, மனப்பாடத்தின் வலிமை.

இரண்டாவது, முரண்பாட்டைத் தாங்காத மனம். இலியான் பெசுட்டிங்கர் என்ற அமெரிக்க உளநூலார் 1957இல் எழுதிய நூலில், புகைப்பவரையே எடுத்துக்காட்டாக வைத்தார். புகை தீது என்று அறிவு சொல்கிறது, கையோ புகைக்கிறது. இந்த இரண்டும் ஓர் உள்ளத்தில் ஒன்றாகக் குடியிருக்க இயலாது. ஒன்று வெளியேற வேண்டும். கையை நிறுத்துவது கடினம். அறிவை வளைப்பது எளிது. உடனே சாக்குகள் பிறக்கின்றன. "என் பாட்டன் தொண்ணூறு வயது வரை சுருட்டுப் பிடித்தார்." பாட்டனோடு பிறந்து ஐம்பதிலேயே இருமிச் செத்தவர்கள் இன்று சாட்சி சொல்ல வர முடியாதே! "புகைக்காதவனுக்கும் புற்று வருகிறதே!" வெள்ளமின்றியும் வீடு இடியும், அதற்காக ஆற்றின் நடுவில் வீடு கட்டுவோமா? "விதி வந்தால் போக வேண்டியதுதான்." கடவுள் பெயரால் யாரேனும் விதி பேசினால் கொதித்தெழும் தோழரே, உமது உதட்டிலும் அதே விதியா?

இதுவரை சொன்னதைக் கொண்டு, குற்றமெல்லாம் புகைப்பவனுடையதே என்று முடித்துவிட்டால், அது மேட்டுக்குடி அறநெறி ஆகிவிடும், சீர்திருத்தம் ஆகாது. எங்கள் வட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் உண்டு; சிமெண்டு ஆலைகள் உண்டு; கொள்ளிடக் கரை நெடுக வயல்கள் உண்டு. உழைப்போரைக் கவனித்தால் ஒரு செய்தி விளங்கும். வேலை நேரத்தில் சும்மா நிற்பவனை மேசுதிரி அதட்டுகிறார். பீடியோடு நிற்பவனை, "பிடித்துவிட்டு வரட்டும்" என்று விட்டுவிடுகிறார். ஐந்து நிமிட ஓய்வை உரிமையாகக் கேட்க முடியாதவன், அதைப் பீடியின் பெயரால் பெறுகிறான். டிக்டர் சொன்ன 'பரிசு' இதுதான். ஆனால் பரிசு பீடியன்று, ஓய்வு! புகையில்லாத ஓய்வை நம் சமுதாயம் உழைப்பவனுக்கு ஒப்புக்கொள்ளாததால், நுரையீரலைக் கொடுத்து அவன் அதை விலைக்கு வாங்குகிறான். நடவு வயலில் குனிந்து நிற்கும் பெண்ணுக்கு அந்த ஐந்து நிமிடமும் இல்லை; அவள் வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொண்டு பசியையும் களைப்பையும் சேர்த்தே அடக்குகிறாள்.

தோழமையும் அப்படியே. சாதிச் சுவர்கள் நிமிர்ந்து நிற்கும் நாட்டில், முகமறியாத ஒருவனிடம் கூச்சமின்றிக் கேட்கக்கூடியது, "நெருப்பு இருக்கிறதா?" என்பது ஒன்றே. ஆனால் இதிலும் ஏமாறக் கூடாது. வடநாட்டுச் சிற்றூர்களில் ஊர்விலக்குக்கு வழங்கிய பெயரே 'உக்காவையும் தண்ணீரையும் நிறுத்துதல்' என்பது. யாரோடு சேர்ந்து புகைப்பது என்பதை வைத்தே யார் நம்மவர், யார் அயலார் என்று வகுத்தனர். புகை கலக்கிறது என்பதற்காக மனிதர் கலந்துவிடவில்லை. வேண்டுவது தோழமை, கிடைப்பது அதன் நிழல்.

இனி நம்மவரிடையே பேசக் கூசும் செய்தி ஒன்று. 1950இல் இங்கிலாந்தின் டாலும் பிராடுபோர்டு இல்லும், நுரையீரல் புற்றுக்கும் புகைப்பழக்கத்துக்கும் உள்ள தொடர்பை ஆய்ந்து காட்டினர். 1964இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை அதை உலகறியச் செய்தது. 1969ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், 59 வயதில், அறிஞர் அண்ணா உணவுக் குழாய்ப் புற்றுநோயால் மறைந்தார். பொடியும் புகையிலையும் அவருக்கிருந்த பழக்கங்கள் என்பதை அவரை அறிந்தோர் மறைத்ததில்லை. தனியொருவரின் நோய் எதனால் வந்தது என்று அறுதியிட்டுக் கூற எவராலும் இயலாது. ஆனால் உணவுக் குழாய்ப் புற்றின் முதன்மைக் காரணங்களுள் புகையிலையும் ஒன்று என்பதில் மருத்துவத்துக்கு ஐயமில்லை. முதலமைச்சராகி இரண்டு ஆண்டுகூட நிறையாத நிலையில் தமிழகம் இழந்த குரலை எண்ணும்போது, இந்த இலையின் மேல் எனக்கு எழும் சினம் சிறிதன்று. தலைவர்கள் மீது பற்றுக் கொண்டோர் அவர்களுடைய நூல்களை எடுத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் உயிரைக் குடித்திருக்கக் கூடிய பழக்கங்களை அன்று.

பகுத்தறிவாளர் சிலர், "என் உடல், என் காசு, இது தனிமனித உரிமை" என்று வாதிடுவர். உரிமை என்பது, வேண்டும்போது செய்யவும் வேண்டாதபோது நிறுத்தவும் இயல்வது. நிறுத்த நினைத்து நிறுத்த முடியாதவன் எந்த உரிமையைச் செலுத்துகிறான்? மேலும், அவன் விடும் புகையை உள்ளிழுக்கும் குழந்தையிடம் எவரும் இசைவு கேட்டதில்லை. பதினைந்து வயதில் பிறர் மெச்சப் பற்றவைத்து, ஐம்பதிலும் அணைக்க இயலாமல் தவிப்பதற்கு விடுதலை என்று பெயரிட்டால், பெர்னேசின் ஊர்வலத்தில் நாமும் நடக்கிறோம் என்பதே பொருள்.

செய்ய வேண்டியது என்ன? 2016–17இல் எடுக்கப்பட்ட கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15 வயதும் அதற்கு மேலுமானவருள் நூற்றுக்கு 20 பேர் ஏதேனும் ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்துகின்றனர். இந்தியா முழுமைக்கும் அது 28.6. சட்டம் இல்லாமலில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம், 18 வயது நிறையாதோருக்கு விற்பதையும், கல்விக்கூடத்திலிருந்து 100 கெசத்துக்குள் விற்பதையும் தடுக்கிறது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைப்பதற்கான தடை கடுமையாக்கப்பட்டது. இந்தச் சட்டங்கள் ஏட்டில் உறங்காமல் காப்பது நம் மன்றங்களின் வேலை.

ஆயினும் திட்டுவதாலும் அச்சுறுத்துவதாலும் மட்டும் ஒருவரும் விட்டதில்லை. குற்றவுணர்வு பெருகினால் பதற்றம் பெருகும். பதற்றம் பெருகினால் கை மீண்டும் பெட்டியைத் தேடும். காரணத்தை அறிந்தோமல்லவா? வழியும் அதிலேயே இருக்கிறது. உடலின் கேட்பு வேதியியலானது. அதற்கு மருத்துவர் தரும் நிகோட்டின் மிட்டாயும் மருந்தும் உண்டு. முதல் சில நாட்கள் கடுமை. சில வாரங்களில் பெரும்பாலும் அடங்கும். ஒவ்வொரு வேட்கையும் சில நிமிடங்களில் தணிந்து போகும் அலை. பழக்கத்தின் ஒலி தேநீர்க் கடையில் இருந்தால், சில நாள் தேநீரை வேறிடத்தில் பருகலாம். தனியே முடியாதவர்க்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியில் அறிவுரை கிடைக்கிறது. ஒருமுறை தவறினால் அது தோல்வியன்று. விட்டவர்களில் பலர் பலமுறை முயன்றே விட்டவர்கள்.

மன்றத் தோழர்களுக்கு இன்னும் ஒரு பணி உண்டு. ஓய்வுக்காகப் புகைப்பவனுக்குப் புகையில்லாத ஓய்வைப் பெற்றுத் தர வேண்டும். வேலையிடத்தில் இடைவேளையைத் தொழிலாளியின் உரிமையாக்கிப் போராட வேண்டும். தோழமைக்காகப் புகைப்பவனுக்குப் படிப்பகமும் ஆட்டக்களமும் திறந்திருக்க வேண்டும். 'ஆம்பிளை' என்ற பட்டத்துக்காகப் புகைக்கும் பையனுக்கு, அந்தப் பட்டத்தையே கேள்விக்குள்ளாக்கும் துணிவை ஊட்ட வேண்டும். நம் கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் எழும் புகை மண்டலத்தை முதலில் கலைக்க வேண்டும். மேடையில் மூடப்பழக்கத்தைச் சாடியவர், இறங்கியதும் இன்னொரு பழக்கத்தின் முன் கைகட்டி நின்றால், கேட்டுக்கொண்டிருந்த இளைஞன் எதைக் கற்றுக்கொண்டு வீடு திரும்புவான்?

பிரமனின் இலை என்ற கதையை நாம் நம்புவதில்லை. கவலைக்கு மருந்து என்ற கதையையும் நம்பாதிருப்போம். இரண்டும் ஒரே கடையில் விற்கும் புராணங்கள்.